பம்பு சேருமா என்று வீட்டிலேயே பாருங்கள்

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் தாண்டிப் பாலக்காடு பக்கம் பிள்ளைகளோடு சைக்கிளில் கிளம்புகிறவர்கள், கையில் இருக்கும் பம்பு எல்லா வண்டிக்கும் சேருமா என்று வீட்டிலேயே அடித்துப் பார்த்துவிடுங்கள். காற்றடிக்கும் வால்வு வண்டிக்கு வண்டி மாறும்: தாத்தா காலத்துச் சைக்கிளில் வால்டியூப் என்ற சின்ன ரப்பர் குழாய் மாட்டிய டன்லப் வால்வு, கியர் சைக்கிளில் பெரும்பாலும் பைக்கில் இருப்பது மாதிரி தடித்த ஷ்ரேடர், ரோடு சைக்கிளில் ஒல்லியான பிரெஸ்டா; பெட்ரோல் பங்க் காற்றுக்குழாய் ஷ்ரேடருக்குத்தான் நேராகப் பொருந்தும். பிரெஸ்டாவுக்குச் சின்னப் பித்தளை அடாப்டர் போதும், ஆனால் நுனித் திருகைத் தளர்த்தாமல் அடித்தால் காற்று ஏறவே ஏறாது (கை வலிதான் மிச்சம்).

அப்புறம், டன்லப்பில் காற்று இறங்கினால் உடனே டயரைக் கழற்றாதீர்கள். வால்வில் எச்சில் தடவிப் பாருங்கள், குமிழி வந்தால் வால்டியூப்தான் போயிருக்கும், மாற்றினால் சரி. நிஜப் பஞ்சர் என்றால் டியூபை ஒட்டுவதற்கு முன் டயரின் உள்பக்கத்தைத் தடவி முள்ளை எடுத்துவிடுங்கள்.