சென்னையில் பஸ் ஏறப் போகிறவர்களுக்கு

ஊரிலிருந்து வந்து இறங்கிய மறுநாள், “பஸ்ஸில் போய்விட்டு வருகிறேன்” என்று சொல்லிப் பாருங்கள். வீட்டில் சின்னக் கலவரமே நடக்கும். சித்தி வாடகைக் காருக்குப் போனை எடுப்பார். மாமா, “இந்த வெயிலில் உன்னால் நிற்க முடியாது” என்பார். அவர்கள் அக்கறையில் குறையில்லை, கணக்கில்தான் குறை. மாலை ஆறரை மணிக்கு அண்ணா சாலையில் காரும் ஆட்டோவும் பஸ்ஸும் ஒரே நெரிசலில்தான் நிற்கின்றன. காரில் நிற்பதற்குச் சில நூறு ரூபாய் ஆகும். சாதாரணப் பஸ்ஸில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய், ஏசி பஸ்ஸில் 15 ரூபாய்.

அதற்காகக் கண்ணில் பட்ட பஸ்ஸில் எல்லாம் ஏறிவிட வேண்டியதில்லை. விருந்தாளியாக வந்தவருக்கு அலுவலக வருகைப் பதிவேடு கிடையாது. அந்த வசதியைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். காலை எட்டு மணியிலிருந்து பத்தரை வரை, மாலை ஐந்திலிருந்து எட்டரை வரை ஊர் வேலைக்குப் போய் வருகிறது. அதை விட்டுவிட்டுப் பதினொன்றுக்குக் கிளம்பினால் அதே தடத்தில் ஜன்னலோர இருக்கை கிடைக்கும்.

பஸ் எண்ணை மனப்பாடம் செய்வதைவிட எங்கே ஏறுகிறோம் என்பதில் கவனம் வைப்பது நல்லது. பெரம்பூர் – பெசன்ட் நகர் இடையே ஓடும் 29சி நல்ல உதாரணம். பெரம்பூர்ப் பக்கம் போக அடையாறில் நின்று ஏறினால் பாதி இருக்கைகள் போயிருக்கும். சில நிமிடம் எதிர்த்திசையில் போய்ப் பெசன்ட் நகர் பஸ் நிலையத்திலேயே ஏறினால் உட்கார்ந்து போகலாம். திருவான்மியூர், வடபழனி, தி.நகர் என்று எந்தப் பஸ் நிலையத்துக்கும் இது பொருந்தும். நடுவழியில் ஏறுவது உள்ளூர்க்காரர்களின் வித்தை, அவர்களிடமே விட்டுவிடுங்கள்.

ஏறியதும் ஒரு விஷயம். இடப்பக்க இருக்கைகள் பெண்களுக்கு, வலப்பக்கம் ஆண்களுக்கு. கணவனும் மனைவியுமாக இடப்பக்கத்தில் உட்கார்ந்தால், காலியாக இருக்கும்வரை யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். அடுத்த நிறுத்தத்தில் கையில் பையோடு ஓர் அம்மாள் ஏறி, உங்கள் தலைக்கு மேலே பார்த்தபடி நிற்பார். வாயைத் திறந்து கேட்கும்வரை காத்திராமல் ஐயா எழுந்துகொள்வதே மரியாதை.

சாதாரணக் கட்டணப் பஸ்களில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லை. முகப்பில் இளஞ்சிவப்பு வண்ணம் பூசியிருப்பதை வைத்தோ, மகளிருக்குக் கட்டணமில்லை என்ற அறிவிப்பை வைத்தோ இவற்றை அடையாளம் காணலாம். டீலக்ஸ், ஏசி பஸ்களில் இந்தச் சலுகை கிடையாது. இலவசம்தானே என்று சும்மா இருந்துவிடக் கூடாது. இறங்கும் இடத்தைச் சொல்லி, கட்டணமில்லாச் சீட்டை வாங்கியே ஆக வேண்டும். பரிசோதகர் ஏறினால் அதைத்தான் கேட்பார். மூத்த குடிமக்களுக்கான மாதம் 10 இலவச டோக்கன் சென்னையில் குடியிருப்பவர்களுக்கு உரியது. ஊர் பார்க்க வந்த அப்பாவுக்கு அது கிடைக்காது.

நடத்துநர் பெரும்பாலும் பின் வாசல் பக்கம் தம் இருக்கையில் இருப்பார். கூட்டத்தைப் பிளந்துகொண்டு அவரிடம் போக வேண்டியதில்லை. மயிலாப்பூரின் லஸ் பகுதிக்குப் போகிறீர்கள் என்றால், பத்து ரூபாய்த் தாளைப் பக்கத்தில் நிற்பவரிடம் நீட்டி “லஸ் ஒன்று” என்றால் போதும். தாள் நாலைந்து கைகளைக் கடந்து போகும். கூடவே “லஸ் ஒன்று” என்பதும் ஒவ்வொரு வாயாக மாறிப் போகும். கொஞ்ச நேரத்தில் டிக்கெட்டும் அதில் சுற்றிய மீதிச் சில்லறையும் அதே கைகள் வழியாகத் திரும்பி வரும். காசு தொலைந்துவிடுமோ என்று வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் முதலில் முழிப்பார்கள். தொலையாது. உங்கள் கை வழியாகவும் யாருடைய பணமாவது வரும், தயங்காமல் வாங்கி அடுத்தவரிடம் கொடுங்கள்.

இந்த ஏற்பாட்டில் 500 ரூபாய்த் தாளுக்கு மட்டும் இடமில்லை. ஏடிஎம்மோ பெரும்பாலும் அதைத்தான் தரும். காலையில் காய்கறிக் கடையிலோ டீக்கடையிலோ மாற்றி, பத்தும் இருபதுமாகச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். சில வாரம் தங்குகிறவர்கள் சிங்காரச் சென்னை அட்டை வாங்கிக்கொள்ளலாம். மெட்ரோவுக்காக வந்த அந்த அட்டை, 2025 தொடக்கத்திலிருந்து மாநகரப் பஸ்களிலும் செல்லுகிறது. தினமும் சுற்றுகிறவர்களுக்கு ஆயிரம் ரூபாய் மாதப் பாஸ் உண்டு. அது ஏசி பஸ்ஸில் செல்லாது.

வழி கேட்கும்போது பஸ் எண்ணைவிட இடத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். ஒரே எண்ணில் “கட்” என்று பாதி வழியில் திரும்பும் பஸ்ஸும் உண்டு, வழக்கமான இடத்தைத் தாண்டிப் போவதும் உண்டு. ஆகவே “லஸ் போகுமா?” என்று படியில் கால் வைக்கும் முன் கேட்டுவிடுவது நல்லது. பெயரும் ஊர் வாயில் புழங்குவதாக இருக்கட்டும். 1973இல் கட்டிய பாலத்துக்கு அண்ணா மேம்பாலம் என்று பெயர், ஆனால் நீங்கள் இறங்க வேண்டியது “ஜெமினி”யில்தான். கைபேசி வரைபடத்தில் உள்ள பெயரைப் படித்துக் காட்டினால் நடத்துநருக்கே சந்தேகம் வந்துவிடும்.

வரைபடத்தை நம்ப முடியாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிக்காக மயிலாப்பூர், ஆற்காடு சாலை, பழைய மகாபலிபுரம் சாலை என ஊரின் பல பக்கங்களைத் தோண்டியிருக்கிறார்கள். போன முறை ஏறிய நிறுத்தம் இந்த முறை அங்கே இருக்கும் என்று சொல்வதற்கில்லை. மார்கழியில் கச்சேரி கேட்க வருகிறவர்கள் சபாவுக்கு அரை மணி முன்னதாகக் கிளம்புவது நல்லது. லஸ் வந்ததும் இறங்கி நடந்துவிடுவது பல நாள் பஸ்ஸைவிட வேகம். வடகிழக்குப் பருவமழை பலமாகப் பெய்தால் சுரங்கப்பாதைகளில் தண்ணீர் தேங்கி, பஸ்களைச் சுற்று வழியில் திருப்பி விடுவார்கள். அன்றைக்கு வீட்டில் பஜ்ஜி சாப்பிடுவது உத்தமம்.

நகரை வடக்கு தெற்காகக் கடக்கும் நீண்ட தூரத்தைப் பஸ்ஸிடம் கொடுக்காதீர்கள். அதற்குக் கடற்கரை – தாம்பரம் மின்சார ரயிலும் மெட்ரோவும் இருக்கின்றன. ரயிலில் முக்கால் தூரம் போய், மிச்சத்துக்குப் பஸ் பிடிப்பதுதான் இந்த ஊருக்குச் சரியான கலவை. தி.நகருக்குத் துணி எடுக்கப் போகிறீர்கள் என்றால், மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து பஸ் நிலையம்வரை 2023இல் திறந்த ஆகாய நடைபாதை இருக்கிறது. ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் கால் வைக்காமலே தாண்டலாம். முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் உடன் வந்தால், தாழ்தளப் பஸ் வரும்வரை பொறுத்திருப்பது நல்லது. பழைய பஸ்ஸின் முதல் படி அவர்களை வருத்திவிடும்.

பெட்டி, மூட்டையோடு மாநகரப் பஸ் வேண்டவே வேண்டாம். விமான நிலையத்துக்கு மெட்ரோ இருக்கிறது, எதிரிலேயே திரிசூலம் ரயில் நிலையமும் இருக்கிறது. இரவு பத்து மணிக்கு மேல் பஸ்கள் வெகுவாகக் குறைந்துவிடும்.

சொந்த ஊர் மதுரையோ திருநெல்வேலியோ என்றால் ஒன்றை மறந்துவிடாதீர்கள். பத்து வருடம் முன்பு கோயம்பேட்டில் பஸ் ஏறிய நினைவில் அங்கே போய் நிற்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தென் மாவட்ட அரசுப் பஸ்கள் இப்போது கிளம்புவது, 2023 டிசம்பர் இறுதியில் திறந்த கிளாம்பாக்கம் பஸ் முனையத்திலிருந்து. கோயம்பேட்டிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். இரவு ஒன்பது மணிப் பஸ்ஸுக்கு, வடசென்னையிலிருந்து ஆறு மணிக்கே கிளம்பி, தாம்பரம்வரை மின்சார ரயிலில் போய், அங்கிருந்து கிளாம்பாக்கம் பஸ்ஸைப் பிடியுங்கள்.