சுகர் கணக்குக்கு ஒரு மாதக் காலண்டர்

அம்மா தன் சுகர் அளவைத் தினசரி காலண்டர் தாளில்தான் எழுதிவந்தார். மறுநாள் காலை அதைக் கிழித்து, பூஜைக்கு விபூதி மடித்துவிடுவார். டாக்டர் "போன மாசம் எவ்வளவு இருந்துச்சு?" என்று கேட்டால் நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். செல்போனில் ஆப் போட்டுக் கொடுத்தேன். நான்கு நாள் ஓடியது. ஆனால் பால் கணக்கை மட்டும் மாதக் காலண்டர் கட்டத்தில் முப்பது வருஷமாகப் பிசகாமல் எழுதுகிறார். சரி, சுகருக்கும் அப்படியொரு தாள் செய்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

இலவச மென்பொருள் என்று தேடினால் பாதி, மின்னஞ்சல் முகவரி கேட்கும். மீதி, தாளின் நடுவே தன் பெயரை அச்சடிக்கும். நான் பார்த்தது இரண்டே விஷயம்: கணக்குத் தொடங்கச் சொல்லக் கூடாது, இணையம் இல்லாமலும் ஓட வேண்டும். படம் வரையும் மென்பொருளான இங்க்ஸ்கேப்பில் காலண்டர் போடும் வசதி உள்ளேயே இருக்கிறது, ஆனால் எழுத இடம் விடாது. கடைசியில் நின்றது லிப்ரெஆபிஸ் கால்க், எக்செல் மாதிரி கட்டம் கட்டமாகக் கணக்குப் போடும் மென்பொருள். அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள்.

ஏழு பத்திகளுக்கும் 3.9 செ.மீ. அகலம் கொடுத்து, மேலே ஞாயிறு முதல் சனி வரை தட்டுங்கள். ஒவ்வொரு வாரத்துக்கும் இரண்டு வரிசை: தேதிக்கு அரை செ.மீ., எழுதுவதற்கு 2.2 செ.மீ. ஆறு வாரத்துக்கு இடம் வேண்டும். 2026 ஆகஸ்ட் சனிக்கிழமை பிறக்கிறது, ஐந்து வாரத்தில் அடங்காது.

முதல் கட்டத்தில் ஒன்றாம் தேதி வரும் வாரத்தின் ஞாயிறைப் போடுங்கள். அந்த ஆகஸ்டுக்கு ஜூலை 26. அடுத்த கட்டத்தில் சமக்குறி போட்டு, இடப்பக்கக் கட்டத்தைச் சொடுக்கி, கூட்டல் 1. அதைச் சனி வரை இழுங்கள். அடுத்த வார ஞாயிறுக்கு, முந்தைய ஞாயிறோடு கூட்டல் 7. மாதா மாதம் அந்த முதல் தேதியை மட்டும் மாற்றினால் போதும். முழுத் தேதியும் தெரிந்து கட்டம் அடைபட்டால், ஃபார்மட் செல்ஸில் வடிவக் குறியீடாக ஆங்கில 'D' ஒன்றை மட்டும் விடுங்கள்.

எழுதும் கட்டத்தில் வெளிர் சாம்பல் நிறத்தில் மூன்று வரி: வெறும் வயிறு, சாப்பிட்ட பின், பிபி. ஒரே கட்டத்துக்குள் அடுத்த வரிக்குப் போக கன்ட்ரோலும் என்டரும் சேர்த்து அழுத்த வேண்டும். இது தெரியாமல் ஒரு சாயங்காலமே போனது எனக்கு. அப்புறம் ஏ4 தாளைப் படுக்கை வாட்டில் வைத்து, ஓரம் 1 செ.மீ. விட்டு, பிடிஎஃப் ஆக்கி ஜெராக்ஸ் கடையில் கொடுத்தேன்.

நோட்டில் வரிசையாக எழுதினால் கிடைக்காத ஒன்று இதில் கிடைத்தது. போன புரட்டாசித் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது, சனிக்கிழமைப் பத்தியில் மேலிருந்து கீழாக 72, 66, 69. ஓரத்தில் அம்மா கையெழுத்தில் 'பதினோரு மணி, கிறுகிறுப்பு'. பெருமாளுக்கு ஒருபொழுது இருக்கிறார், ஆனால் காலை மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டிருக்கிறார். 70க்குக் கீழே போனால் தாழ்சர்க்கரை. டாக்டர் தாளைப் பார்த்த அரை நிமிஷத்தில் கேட்டார், "சனிக்கிழமை சாப்பிட மாட்டீங்களாம்மா?" விரத நாள் மாத்திரையை அவரே மாற்றிக் கொடுத்தார்.

இப்போது கட்டத்தில் நான்காவது வரியும் சேர்த்திருக்கிறேன். பிபிக்குப் பக்கத்திலேயே அம்மா 'பால் 1½' என்று எழுத ஆரம்பித்துவிட்டார், டாக்டர் அதையும் சேர்த்துப் படித்துக் குழம்பினார்.