எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய கல்லாகப் பாருங்கள்: சவரக்கத்திக்குப் பழைய சாணைக்கல் வாங்குவது

சைதாப்பேட்டையில் சலூன் வைத்திருக்கிறேன். வாடிக்கையாளர்களுக்கு பாதி பிளேடு மாட்டுகிற கத்திதான். ஆளுக்கொரு பிளேடு, வேலை முடிந்ததும் குப்பைக்கு. அது அப்படித்தான் இருக்க வேண்டும். என் முகத்துக்கு மட்டும் இன்னும் அப்பா காலத்து மடக்குக் கத்தி, அதைத் தீட்ட இயற்கைக் கல். இதைப் பார்த்துவிட்டுக் கடைக்கு வருகிற பையன்கள் சிலர், "அண்ணே, பழைய கல்லு எங்க கிடைக்கும், எப்படிப் பாத்து வாங்கறது?" என்று நச்சரிக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதுதான் இது.

முதலில் எதற்காகக் கல் தேடுகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். மடக்குக் கத்தியைக் கல்லில் படுக்க வைத்துத்தான் தீட்டுகிறோம். முதுகும் விளிம்பும் சேர்ந்து கல்லைத் தொடும், கோணத்தைக் கத்தியே பார்த்துக்கொள்ளும். அதனால் கல் மட்டமாக இருக்க வேண்டும், ரொம்ப நைசாகவும் இருக்க வேண்டும். பல் விழுந்த கத்தியைச் சரிசெய்யவும் முதல் பதம் ஏற்றவும் கடையில் விற்கிற புதிய 1000 நம்பர் செயற்கைக் கல்லே போதும், வேலையும் சீக்கிரம் முடியும். பழைய கல் கடைசிப் பதத்துக்கு மட்டும்தான். சொரசொரப்பாக இருந்தால், அது எந்த நாட்டு மலையிலிருந்து வந்திருந்தாலும் நமக்கு வேண்டாம்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள். தார்ப்பாயில் கொட்டி வைத்திருக்கும் குவியலில் "சாணைக்கல் இருக்கா?" என்று கேட்காதீர்கள், கேட்டதுமே விலை ஏறிவிடும். உளி, இழைப்புளி கிடக்கிற குவியலைப் பார்த்து உட்காருங்கள். கல் பெரும்பாலும் அதற்கு அடியில்தான் கிடக்கும், சில சமயம் மரப்பெட்டியோடு. அல்லிக்குளம் வளாகத்துக்கு, அதாவது 1985இல் மூர் மார்க்கெட் எரிந்த பிறகு வியாபாரிகள் போன இடத்துக்கு, கல்லுக்காகப் போவது வெட்டி அலைச்சல் என்பது என் அபிப்பிராயம். அதைவிட, பெரம்பூர் பக்கம் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் வீடு காலி செய்கிறார்கள் என்று தெரிந்தால் பழைய டூல் பாக்ஸைக் கேளுங்கள்.

"எடுத்துக்கோ அண்ணே, வெள்ளக்காரன் காலத்து கல்லு" என்பார் வியாபாரி. ஒரு பக்கம் கரடு, மறுபக்கம் நைஸ், நடுவில் அளவெடுத்த மாதிரி ஒரு கோடு, நிறம் சாம்பல் கருப்பு என்று இருந்தால் அது கார்போரண்டம். மணலையும் கரியையும் மின்உலையில் சுட்டுச் செய்கிற செயற்கைச் சரக்கு. 1954இல் நம் சென்னையிலேயே கார்போரண்டம் யுனிவர்சல் தொடங்கியாகிவிட்டது, அதனால் அந்த வகைக் கல் இங்கே தச்சுப் பட்டறையிலிருந்து சமையற்கட்டு வரை எங்கும் உண்டு. அரிவாள்மணைக்கு நல்லது, முகத்துக்கு ஆகாது. ஆரஞ்சு கலந்த பழுப்பு நிறத்தில் ஒன்று வரும். அதற்கு இந்தியா ஸ்டோன் என்று பெயர், ஆனால் அமெரிக்காவின் நார்ட்டன் கம்பெனி செய்தது. அதுவும் செயற்கைதான். கன்னங்கரேலென்று வழவழப்பாக, உள்ளங்கைக்குள் அடங்குகிற துண்டாக இருந்தால் பொற்கொல்லரின் உரைகல்லாக இருக்கும். மஞ்சள் கீற்று ஏதாவது தெரிகிறதா என்று ஓரத்தைப் பாருங்கள்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். கழுவித் துடைத்து லேபிள் தெரிய வைத்திருக்கும் கல்லுக்குச் சொல்கிற விலையில் பாதி அந்த லேபிளுக்குத்தான். நம்மூர்த் தச்சர்கள் கையில் கிடைத்த நல்லெண்ணெய், கடலை எண்ணெய் என்று ஊற்றித் தீட்டியிருப்பார்கள். அந்த எண்ணெய் வருஷக்கணக்கில் காய்ந்து, இரும்புத் துகளோடு சேர்ந்து, அரக்கு மாதிரி கறுப்பாகப் படிந்துவிடும். மேலே பார்த்தால் எல்லாக் கல்லும் ஒரே கல்தான். வியாபாரிக்கு என்ன கல் என்று தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டியது நாம்.

நான் செய்வது இப்படி. பையில் ஆறங்குல ஸ்டீல் ஸ்கேல், நகைக்கடைக்காரர் வைத்திருக்கிற பத்து மடங்கு லென்ஸ், ஒரு குண்டூசி, சின்ன பாட்டிலில் தண்ணீர், கிழிந்த பனியன் துணி. கல்லின் முகத்தைத் தொடுவதில்லை, பக்கவாட்டைத் திருப்புகிறேன். அங்கே பிசுக்கு குறைவாக இருக்கும். ஈரத் துணியால் ஒரு கட்டைவிரல் அகலத்துக்குத் துடைத்தால் உண்மை நிறம் வந்துவிடும். லென்ஸில் பார்க்கும்போது ஒரே அளவுத் துகள்களும் ஊசி குத்தின மாதிரிக் குழிகளும் தெரிந்தால் செயற்கை. படலம் படலமாகவோ, குழியே இல்லாமல் மெழுகு போலவோ இருந்தால் மேற்கொண்டு சோதிக்கலாம். அடுத்து குண்டூசியால் ஓரத்தில் ஒரு கீறல். ஸ்லேட் வகை என்றால் கோடு விழும். ஊசியே தேய்ந்து பளபளவென்று உலோகத் தடம் மட்டும் நின்றால் குவார்ட்ஸ் கல், அமெரிக்காவின் ஆர்கன்சா என்கிற கடினக் கல் குடும்பமாக இருக்கலாம்.

பிறகு கல்லை இரண்டு விரலில் தொங்கவிட்டு, மண்பானை வாங்குகிற மாதிரி ஒரு தட்டு. கணீரென்றால் சரி. சத்தம் செத்து விழுந்தால் பிசுக்குக்கு அடியில் விரிசல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக ஸ்கேலை நீளவாக்கில் நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பார்க்க வேண்டும். ஸ்லேட்டில் நடுவே சற்றுக் குழிந்திருந்தால் பயமில்லை, தேய்த்து மட்டமாக்கிவிடலாம். கடினமான ஆர்கன்சாவில் இரண்டு மில்லிமீட்டர் பள்ளம் என்றால் கும்பிடு போட்டுவிட்டு எழுந்துவிடுவேன். அதைக் கையால் மட்டமாக்குவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும்.

அடர்த்தியை வீட்டில் பார்க்கலாம். எடை இயந்திரத்தில் கல்லை நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, இயந்திரத்தைப் பூஜ்யமாக்கி, கல்லை நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுவதும் முக்குங்கள். அடியிலும் ஓரத்திலும் தொடக் கூடாது. இப்போது காட்டுகிற கிராம்தான் கன சென்டிமீட்டரில் கல்லின் கன அளவு, எடையை அதால் வகுத்தால் அடர்த்தி. கல் 420 கிராம், முக்கினால் 150 கிராம் என்றால் அடர்த்தி 2.8. குவார்ட்ஸே 2.65தான், ஆகவே இது ஆர்கன்சா இல்லை, ஸ்லேட் பக்கம். கடின ஆர்கன்சா 2.5க்கு மேலே வரும். அதே குடும்பத்தில் நுண்துளை அதிகமுள்ள வாஷிட்டா என்கிற வகை அதைவிடக் குறைவாகக் காட்டும். எண்ணெய் ஊறின கல்லில் கணக்கு கொஞ்சம் தவறும், பிசுக்கு எடுத்துக் காய்ந்த பிறகு பாருங்கள்.

பெயர்களில் நான்கைத் தெரிந்து வைத்துக்கொண்டால் போதும். பெல்ஜியத்தின் ஆர்டென் பகுதியிலிருந்து வருவது கோட்டிக்யூல். வெண்ணெய் மஞ்சள் நிறம், உள்ளே பொடிப் பொடியாகக் கார்னெட் என்கிற கடினமான கனிமம். மஞ்சள் அடுக்கு மெல்லிசாக இருப்பதால் அடியில் கருஞ்ஸ்லேட் ஒட்டியிருப்பார்கள். சிறு துண்டால் தேய்த்தால் பால் மாதிரி சேறு வரும். அந்தச் சேற்றில் கத்தி நன்றாகத் தேயும், வெறும் தண்ணீரில் நைஸ் பதம் கொடுக்கும். ஒரே கல்லில் இரண்டு வேலை என்பதால் எனக்கு இதன்மேல் தனிப் பிரியம். இது இன்னமும் வெட்டி விற்கப்படுகிறது, அதனால் பழசு என்பதற்காகப் புதிதைவிட அதிக விலை கொடுக்காதீர்கள்.

ஜெர்மனியின் துரிங்கியன் கல் அப்படி இல்லை. சோனபெர்க் ஊர் எஷர் கம்பெனியின் லேபிள் இருந்தால் சேகரிப்பாளர்கள் விலையைத் தூக்கிவிடுவார்கள். வழவழப்பான, அவ்வளவு கடினமில்லாத ஸ்லேட். கத்திக்கு அருமையான கடைசிப் பதம். காசு இருந்தால் வாங்குங்கள், லேபிள் இல்லாததாகப் பார்த்து. இங்கிலாந்தின் சார்ன்லி ஃபாரஸ்ட் பாசிப் பச்சை, சிலவற்றில் சிவப்புக் கீற்று. தேய்மானம் மெதுவாகத்தான் நடக்கும், பொறுமைசாலிகளுக்கு. அமெரிக்காவின் ஆர்கன்சாவில் ஒளி ஊடுருவுகிற வகையும் கறுப்பு வகையும்தான் சவரக்கத்திக்கு, மற்றவை தச்சருக்கு. ஜப்பான் கல்லில் முத்திரைகளை நம்பி வாங்கும் அளவுக்கு எனக்குக் கண் பழகவில்லை, அந்தப் பக்கம் போவதில்லை.

வெளிநாட்டிலிருந்து தருவித்தால் எடையை முதலில் கணக்குப் பண்ணுங்கள். 20 சென்டிமீட்டர் நீளம், 5 அகலம், 2.5 கனமுள்ள ஸ்லேட் கல் 700 கிராம் வரும். கூரியர் கட்டணமும் சுங்க வரியும் சேர்ந்தால் கல் விலையைத் தாண்டலாம். நம் கத்தி அலகு சுமார் 7 சென்டிமீட்டர்தான். 4 சென்டிமீட்டர் அகலக் கல்லில் குறுக்காக இழுத்துத் தீட்டினால் முழு அலகும் படும். நாவிதர்கள் வைத்திருந்த சின்னக் கற்களே தாராளம். விற்பவரிடம் ஸ்கேலை மேலே நிறுத்தி எடுத்த போட்டோ கேளுங்கள். "மட்டமாத்தான் இருக்கு" என்று வாயால் சொல்வது கணக்கில்லை.

பேர் தெரியாத பிசுக்குக் கல்லுக்கு ஐந்நூறு ரூபாய்க்கு மேல் நான் கொடுப்பதில்லை. வீட்டுக்கு வந்ததும் பெயின்ட் கடை டர்ப்பன்டைனில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, காலையில் சலவை சோடாவும் பழைய டூத் பிரஷும். லேபிள் உள்ளதையும், இரண்டு கல் ஒட்டியதையும் ஊறவைக்கக் கூடாது, கொதிக்கவைக்கவே கூடாது, துணியால் மட்டும் துடையுங்கள். மட்டமாக்க, கனமான கண்ணாடித் துண்டின் மேல் வாட்டர் பேப்பரை விரித்து, கல்லின் முகத்தில் பென்சிலால் கட்டம் போட்டு, கோடு எல்லாம் மறையும் வரை தேய்க்க வேண்டும். தண்ணீர் விட்டுக்கொண்டே தேயுங்கள். உலர்ந்த கல்தூசியில் சிலிக்கா உண்டு, நுரையீரலுக்குக் கெடுதி. அந்தச் சேற்றுத் தண்ணீரை சிங்க்கில் கொட்டாமல் வாளியில் பிடித்து வெளியே ஊற்றுங்கள், இல்லையென்றால் குழாய் அடைத்துக்கொண்டு வீட்டில் திட்டு விழும்.