கைக்கருவி ‘புரதம் இல்லை’ என்றால்: கர்ப்பகாலச் சிறுநீர்ச் சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேறுகாலப் பிரிவுக்குப் புதிதாக வரும் செவிலியர்கள் சிறுநீரில் நனைத்த கீற்றின் நிறமாற்றத்தைப் படித்து அச்சிடும் கையடக்கச் சிறுநீர்ச் சோதனைக் கருவியில் செய்யும் பிழைகளைப் பார்க்கும்போது எனக்கு வியப்பு வருவதில்லை. அத்தனையும் நான் செய்தவை. காலாவதியான கீற்றைத் தவிர்ப்பது போன்ற, எல்லாரும் அறிந்த விஷயங்களை இங்கே எழுதப் போவதில்லை.

நீர்த்த சிறுநீரில் வந்த ‘இல்லை’யை நம்புவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். பணியில் சேர்ந்த புதிதில், 34 வாரக் கர்ப்பிணி ஒருவர் தலைவலி என்று வந்தார். சிறுநீர் வரவில்லை என்றதால், ஒரு பாட்டில் தண்ணீரைக் குடிக்கச் சொன்னவளே நான்தான். பிறகு அவர் கொடுத்த மாதிரி குழாய்த் தண்ணீரைப் போல நிறமற்றிருந்தது. கருவி ‘புரதம் இல்லை’ என்று அச்சிட்டது. ரத்த அழுத்தம் 146/94 இருந்ததைப் பதற்றம் என்று நானே முடிவுகட்டி அனுப்பிவிட்டேன். மறுநாள் காலை, அதே கருவியில் மூன்று பிளஸ். முந்தைய நாள் தாளை எடுத்துப் பார்த்தால், புரதத்துக்குச் சற்றுக் கீழேயே ‘அடர்த்தி 1.005’ என்றிருந்தது; மிக நீர்த்த சிறுநீர் என்று பொருள். அந்த வரியை நான் படிக்கவே இல்லை.

கருவி கண்ணின் தடுமாற்றத்தைத்தான் நீக்கும். சிறுநீர் நீர்த்திருப்பதை ஈடுகட்டாது. ஒரு பிளஸ் என்பது டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 30 மில்லிகிராம். நாளொன்றுக்கு 300 மில்லிகிராமே எல்லை என்றிருக்க, 450 மில்லிகிராம் புரதத்தை இழக்கும் ஒருவர் 3 லிட்டர் சிறுநீர் கழித்தால், கீற்றில் படுவது டெசிலிட்டருக்கு 15 மில்லிகிராம் மட்டுமே. மாறாக, அடர்ந்த சிறுநீரும் காரத்தன்மை மிகுந்த சிறுநீரும் இல்லாத புரதத்தை இருப்பதாகக் காட்டக்கூடும். ஆகவே, ஐயம் எழுந்தால் ஆய்வகத்தில் புரதம்–கிரியேட்டினின் விகிதம் பார்க்க வேண்டும்; கிரியேட்டினின் ஓரளவு சீராக வெளியேறும் கழிவு என்பதால், அதோடு ஒப்பிடும்போது நீர்த்திருப்பது ஏமாற்றாது. ஒரு மில்லிமோல் கிரியேட்டினினுக்குப் புரதம் 30 மில்லிகிராமைத் தொட்டால் அது பொருட்படுத்த வேண்டிய அளவு. 20 வாரத்துக்குப் பிறகு அழுத்தம் 140/90ஐத் தொட்டிருந்தால், கீற்று என்ன சொன்னாலும் மருத்துவரிடம் காட்டாமல் அனுப்பக் கூடாது. புரதமே வெளியேறாமலும் பிரீ-எக்லாம்ப்சியா (கர்ப்பகாலத்தில் ரத்த அழுத்தம் ஏறித் தாய்க்கும் குழந்தைக்கும் ஆபத்தாகும் நோய்) வரும்.

சர்க்கரையைக் கண்டதும் நீரிழிவு என்பது

கர்ப்பகாலத்தில் சிறுநீரகம் சர்க்கரையை எளிதில் கசியவிடுவதால், ரத்தச் சர்க்கரை இயல்பாக இருப்பவருக்கும் கீற்று நிறம் மாறலாம். உறுதிசெய்வது ரத்தப் பரிசோதனையே.

கீற்றுக் குப்பியைத் திறந்து வைப்பது

ஈரம் பட்ட கீற்று பொய் சொல்லும். மூடுங்கள்.

நைட்ரைட் இல்லையென்றால் தொற்று இல்லை என்பது

நைட்ரைட் என்பது சிறுநீரில் உள்ள நைட்ரேட்டிலிருந்து கிருமிகள் உண்டாக்கும் பொருள்; சிறுநீர்ப்பையில் சிறுநீர் 4 மணி நேரமாவது தங்காவிட்டால் அது போதிய அளவு சேராது. சில கிருமிகள் அதை உண்டாக்குவதே இல்லை. சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் இருப்பதாகக் கர்ப்பிணி சொன்னால், கிருமியை வளர்த்துக் கண்டறியும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்புங்கள்.