கால், அரை, முக்கால், ஒரு கிலோ: சம இடைவெளிப் பரவலைக் கணினிக்குச் சொல்லும் முறை

திருநெல்வேலியில் அல்வா வாங்க வருகிறவர் கால் கிலோ, அரைக் கிலோ, முக்கால் கிலோ, ஒரு கிலோ என்றுதான் பெரும்பாலும் கேட்பார். கிராமில் 250, 500, 750, 1000. அடுத்தடுத்த மதிப்புகளுக்கு இடையே ஒரே இடைவெளி. பள்ளிப் பாடத்தில் தனிநிலை சமவாய்ப்பு மாறி என்று படித்தோமே, அதில் இது ஒரு சிறப்பு வகை: சம இடைவெளிப் பரவல். ஈருறுப்புப் பரவலும் பாய்சான் பரவலும் இந்த வகையைச் சேர்ந்தவையே. இவற்றைக் கணினியில் சரியாக எழுதி வைத்தால் பின்னால் வரும் கணக்குகள் எல்லாம் எளிதாகிவிடும்.

நான்கு அளவுகளுக்கும் முறையே 0.4, 0.3, 0.1, 0.2 என்று நிகழ்தகவு வைத்துக்கொள்வோம். விளக்கத்துக்காக நான் வைத்த எண்கள் இவை. உங்கள் ஊர்க் கடையில் எண்ணிப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 1: மதிப்புகளைச் சேமிக்க வேண்டாம்

பலரும் முதலில் செய்வது இரண்டு நிரல் அட்டவணை: ஒன்றில் எடை, மற்றதில் நிகழ்தகவு. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். இடைவெளி சமம் என்ற அருமையான செய்தி அந்த அட்டவணையில் எங்குமே பதிவாவதில்லை. பைதான் 3 நிரல்மொழியில் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். எனவே இப்படி எழுதுங்கள்:

தொடக்கம் = 250
இடைவெளி = 250
நிகழ்தகவு = [0.4, 0.3, 0.1, 0.2]

இவ்வளவுதான். பட்டியலில் இருக்கும் இடமே எடையைச் சொல்லிவிடும். பைதான் 0-இலிருந்து எண்ணுவதால், 2 என்ற இடத்தின் எடை 250 + 250 × 2 = 750. ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியின் டிஸ்டர் (distr) தொகுப்பும் இதையே செய்கிறது: தொடக்கப் புள்ளி, இடைவெளி, எண்ணிக்கை ஆகிய மூன்றையும் வைத்து மதிப்புகளைக் குறிக்கிறது.

கடையில் முக்கால் கிலோ பொட்டலமே கிடையாது என்றால் அந்த இடத்தை நீக்கிவிடாதீர்கள், 0 என்று போடுங்கள். நீக்கினால் ஒரு கிலோ இடம் மாறி, முக்கால் கிலோவாகப் படிக்கப்பட்டுவிடும்.

படி 2: கிலோவா, கிராமா?

புதிதாகத் தொடங்குபவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. எடைகளை 0.1, 0.2, 0.3 கிலோ என்று தசமத்தில் வைத்தால் கணினி அவற்றை இரும எண்ணாக மாற்றுகிறது. 0.1-ஐ இருமத்தில் முடிவுள்ள எண்ணாக எழுத முடியாது. அதனால் 0.1-ஐ மூன்று முறை கூட்டினால் 0.30000000000000004 வருகிறது. அது 0.3-க்குச் சமமா என்று கேட்டால் இல்லை என்றே கணினி சொல்லும். ஒரே எடை இரண்டு வெவ்வேறு மதிப்புகளாகப் பிரிந்து, அதன் நிகழ்தகவும் இரண்டு துண்டாகிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது, விடை மட்டும் தவறும்.

கிராமில் முழு எண்ணாக வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. அதைவிட நல்லது, எல்லாக் கணக்கையும் இட எண்ணிலேயே செய்து, கடைசியில் மட்டும் எடையாக மாற்றுவது. இதே காரணத்தால், நிகழ்தகவுகளின் கூடுதல் 1-க்குச் சமமா என்று சோதிக்கக் கூடாது. வித்தியாசம் மிகச் சிறியதா என்று சோதியுங்கள்.

படி 3: சராசரி

இட எண்களின் சராசரி: 0×0.4 + 1×0.3 + 2×0.1 + 3×0.2 = 1.1. எடையின் சராசரி: 250 + 250×1.1 = 525 கிராம். திட்ட விலக்கத்துக்குத் தொடக்கம் தேவையில்லை, இட எண்களின் திட்ட விலக்கத்தை இடைவெளியால் பெருக்கினால் போதும். சுமார் 284 கிராம்.

படி 4: இரண்டு பேர் வாங்கினால்?

இந்த வடிவத்தின் பலன் இங்கேதான் தெரிகிறது. தொடக்கங்களைக் கூட்டுங்கள்: 500. இடைவெளி மாறாது: 250. நிகழ்தகவுப் பட்டியல்களைக் கன்வல்யூஷன் செய்யுங்கள்; அதாவது, ஒரு பட்டியலின் ஒவ்வொரு எண்ணையும் மற்றதன் ஒவ்வொரு எண்ணாலும் பெருக்கி, இட எண்களின் கூடுதல் ஒன்றாக வருபவற்றைக் கூட்டுங்கள். பைதானின் நம்பை (NumPy) நூலகத்தில் இதற்கு ஆயத்தச் சார்பு உண்டு. ஆனால் ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். இருவரும் சேர்ந்து 750 கிராம் வாங்க வேண்டுமானால் ஒருவர் கால் கிலோவும் மற்றவர் அரைக் கிலோவும் வாங்க வேண்டும்; அது இரண்டு வகையில் நடக்கும்: 2×0.4×0.3 = 0.24. முழு விடை:

[0.16, 0.24, 0.17, 0.22, 0.13, 0.04, 0.04]

500 முதல் 2000 கிராம் வரை ஏழு இடங்கள். கூடுதல் 1.

40 பேருக்கு இதையே திரும்பத் திரும்பச் செய்தால் 10 கிலோ முதல் 40 கிலோ வரை 121 இடங்கள் போதும். ஒவ்வொருவரின் தேர்வையும் தனித்தனியாக எழுதப் போனால் 4-இன் 40-ஆம் அடுக்கு, அதாவது ஒன்றுக்குப் பின் 24 பூஜ்யம் போட்ட எண்ணையும் தாண்டிவிடும். சராசரி 21 கிலோ. 24 கிலோ கிண்டி வைத்தால் எல்லோருக்கும் கிடைப்பதற்கான வாய்ப்பு 95 விழுக்காட்டைச் சற்றே தாண்டுகிறது. ஒருவர் வாங்குவது மற்றவரைப் பாதிக்கவில்லை என்ற அனுமானத்தில் நிற்கும் கணக்கு இது. ஆனித் தேரோட்டத்து நாளில் வெளியூர்க் கூட்டம் வரும்போது பழைய நிகழ்தகவுகளை நம்பக் கூடாது.

படி 5: இடைவெளி வேறானால்

அல்வாவோடு உடன்குடிக் கருப்பட்டியும் வாங்குகிறார்கள், அது 100 கிராம் இடைவெளியில் என்றால்? 250, 100 இரண்டுக்கும் மீப்பெரு பொது வகுத்தி 50. இரண்டையும் 50 கிராம் இடைவெளிக்கு மாற்றுங்கள். அல்வாப் பட்டியலில் அடுத்தடுத்த எண்களுக்கு நடுவே நான்கு பூஜ்யங்கள், கருப்பட்டிப் பட்டியலில் ஒரு பூஜ்யம். தொடக்கங்கள் அப்படியே இருக்கலாம். பிறகு படி 4.

எந்தச் சார்பைப் பயன்படுத்துவது?

பட்டியல் பல ஆயிரம் இடங்களுக்கு நீண்டால் கன்வல்யூஷனைச் சுற்றுவழியில் விரைவாகச் செய்யும் வேக ஃபூரியர் மாற்றம் (FFT) நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் அதில் 10-இன் −17-ஆம் அடுக்கு அளவில் பிழைகள் வரும், சில இடங்களில் குறை எண்ணாகவும் வரும். 40 பேரும் ஒரு கிலோ வாங்கும் நிகழ்தகவு 0.2-இன் 40-ஆம் அடுக்கு, அதாவது சுமார் 1.1 × 10-இன் −28-ஆம் அடுக்கு. ஃபூரியர் வழியில் அந்த இடத்தில் கிடைப்பது வெறும் பிழைதான். நேரடிக் கன்வல்யூஷனில் எல்லாமே மிகை எண்கள், கழித்தலே இல்லை; ஆகவே கடைசி இடமும் சரியாக வரும். 121 இடங்களுக்கு நேரடி முறையே போதும். செய்து முடித்ததும் பட்டியலின் கடைசி எண்ணை 0.2-இன் 40-ஆம் அடுக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.