காரைக்குடியில் மரம் பார்க்க ஒரு நாள்: செய்யக்கூடாத தவறுகள்

1947இல் வள்ளல் அழகப்பர் தொடங்கிய கலைக் கல்லூரிதான், 1985இல் உருவான அழகப்பா பல்கலைக்கழகத்துக்கு விதை. அந்த வளாகச் சாலைகளிலும் ஊர்ப் பூங்காக்களிலும் ஒரு முழு நாளை ஆற அமரக் கழிக்கலாம். தண்ணீர், தொப்பி பற்றியெல்லாம் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. புதிதாக வருபவர்கள் சறுக்குவது வேறு இடங்களில்.

பத்து மணிக்கு வந்து இறங்குவது

இரவில் பூத்து விடியலில் உதிரும் பவளமல்லியும் மரமல்லியும் அதற்குள் துடைப்பத்துக்குப் போயிருக்கும். பறவைகள் அடங்கியிருக்கும். செம்மண்ணும் செம்புறாங்கல்லும் சூடேறத் தொடங்கிவிடும். ஆறரைக்கு நடக்க ஆரம்பித்து பத்தரைக்கு நிறுத்துங்கள். மீதியை மாலை நாலு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். மரம் மரமாக நின்று பார்த்தால் ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் ஆகும். அதற்கேற்ற தூரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நெட்டிலிங்கத்தை அசோகம் என்பது

இதைக் கேட்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. கட்டட ஓரத்தில் வரிசையாக, ஒல்லியாக, இலைகள் கீழ்நோக்கித் தொங்க உயர்ந்து நிற்கிறதே, அது நெட்டிலிங்கம். அப்பா பிள்ளைக்கு "அசோக மரம்" என்று காட்டுகிறார். பிள்ளை அப்படியே நோட்டில் எழுதிக்கொள்கிறது. சீதை இருந்த வனம் இதுதான் என்று கதையும் சேர்ந்துவிடுகிறது.

இது வெறும் பெயர்க் குழப்பமாக நிற்பதில்லை. அசோகப் பட்டை பெண்களுக்கான நாட்டு மருந்துகளில் சேரும் சரக்கு. அதன் இடத்தில் நெட்டிலிங்கப் பட்டையைக் கலந்து விற்பது பழைய மோசடி. மரம் தெரியாதவர் அதையே காசு கொடுத்து வாங்குகிறார். உண்மையான அசோகமோ, அளவுமீறிப் பட்டை உரித்ததால் காட்டில் அருகிக்கொண்டு வரும் மரம்.

பிரித்தறிய இலையே போதும். நெட்டிலிங்கத்துக்குத் தனி இலை. ஈட்டிபோல் நீண்டு, ஓரம் அலைஅலையாக நெளிந்திருக்கும். பூ வெளிர்பச்சை நட்சத்திரம். இலை நிறத்திலேயே கலந்துவிடுவதால் பலர் கண்ணில் படாது. பழம் கருநீலம், கொத்தாக வரும். வௌவால் தேடி வரும். அசோகத்துக்குக் கூட்டிலை, ஒரு காம்பில் பல சிற்றிலைகள். கொழுந்து செம்பு நிறத்தில் துவண்டு தொங்கும். பூ ஆரஞ்சில் தொடங்கிச் சிவக்கும். கிளையிலும் அடிமரத்திலும்கூடக் கொத்துக்கொத்தாக ஒட்டிக்கொண்டு பூக்கும். நிழலும் ஈரமும் கேட்கும் மரம் என்பதால், நம் வறண்ட மண்ணில் நீர் பாயும் தோட்டத்தில்தான் அதைத் தேட வேண்டும். வெயில் காயும் சாலையோரத்தில் "அசோகம்" என்று யாராவது காட்டினால், முதலில் இலையைப் பாருங்கள்.

மஞ்சளாகப் பூத்தால் கொன்றை என்பது

சரம் கீழே தொங்கினால் சரக்கொன்றை. அதன் காய் நீண்ட உருளை. கொத்து மேல்நோக்கி நின்று, காய் செம்பு நிறத் தட்டையாக இருந்தால் பெருங்கொன்றை.

ஒரே ஒரு படம் எடுத்து ஆப்பிடம் கேட்பது

இலையின் இரு பக்கம், இலை கிளையில் அமர்ந்த விதம், பட்டை, பூ அல்லது காய், முழு மரம். இத்தனையும் இல்லாமல் வரும் பதிலை நம்பாதீர்கள்.

குழந்தைகளிடம் விதை பொறுக்கச் சொல்வது

வேலியில் படரும் குன்றிமணி அழகு. முழுதாக விழுங்கினால் கெட்டித் தோல் ஓரளவு காக்கும். மென்றாலோ, மாலை கோக்கத் துளைத்ததை விழுங்கினாலோ உயிருக்கே ஆபத்து. மஞ்சளரளிக் காயும் கொடிய விஷம். வாயில் போட்டுவிட்டால் வாந்தி வருகிறதா என்று காத்திருக்க வேண்டாம். மிச்ச விதையைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

முன்னறிவிப்பின்றி வருவது

பல்கலைக்கழக வளாகம் படிப்பு நடக்கும் இடம். முதல் நாளே கேட்டுவிட்டு வாருங்கள்.

சிக்ரியையும் பூங்கா என்று நினைப்பது

அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வகம்தான் சிக்ரி. நினைத்த நேரத்தில் உள்ளே போக முடியாது. செப்டம்பர் 26 அதன் தாய் அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். (அறிவியல், தொழிலக ஆராய்ச்சி மன்றம்) நிறுவன நாள், அதையொட்டிப் பொதுமக்களை அனுமதிப்பதுண்டு, விசாரித்துப் பாருங்கள்.

காரையைப் பார்க்காமல் திரும்புவது

ஊருக்கே பெயர் கொடுத்ததாகச் சொல்லப்படும் செடி. நட்டு வளர்த்த பாத்திகளில் கிடைக்காது. வெட்டாமல் விட்ட புதர் ஓரங்களில் தேடுங்கள்: இடுப்பளவுச் செடி, எதிரெதிராக இரட்டை முள், சிறிய இலை, பழுத்தால் மஞ்சளாகும் காய். முள் குத்தும், கிளையை நுனியில் பிடித்துத் தூக்கிப் பாருங்கள்.