படகு எஞ்சினைக் காரில் படுக்க வைப்பது எப்படி

இரண்டு ஆள் சேர்ந்து தூக்கிவிடும் எடையில் 70 குதிரைத்திறன். படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு எஞ்சினின் மூடியைக் கழற்றிப் பார்த்த எவருக்கும் இதை ஒரு சின்னக் காரில் வைத்தால் என்ன என்று ஒருமுறையாவது தோன்றியிருக்கும். எனக்குத் தோன்றியது. இரும்புக் குழாய்களை வெல்ட் செய்து நானே கட்டிய இரண்டு சீட் சேசிஸ் காத்திருந்தது, பக்கத்திலேயே மூன்று சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு ஒன்று சும்மா கிடந்தது. இப்போது அது ஓடுகிறது. எப்படிச் செய்தேன் என்பதைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த எஞ்சின் தன் வேலையில் பாதியைத் தண்ணீரிடம் ஒப்படைத்திருக்கிறது. சூட்டைத் தணிப்பது தண்ணீர், புகையை வாங்கிக்கொள்வது தண்ணீர், சுமை கொடுப்பதும் தண்ணீர். கரையேற்றினால் அத்தனை வேலையும் நம் தலையில் விழும்.

இது புது யோசனையும் இல்லை. 1930-களில் அமெரிக்காவின் மிட்ஜெட் என்ற குட்டிப் பந்தயக் கார்களில் எல்டோ அவுட்போர்டுகள் ஓடின. கோனிக் என்ற ஜெர்மன் படகு எஞ்சினை மோட்டார் சைக்கிளில் பூட்டி 1973-ல் 500 சிசி உலகப் போட்டியில் இரண்டாம் இடம் பிடித்தவர் கிம் நியூகாம்ப். அந்தப் பருவம் முடியும் முன்பே சில்வர்ஸ்டோன் பந்தயத்தில் அவர் இறந்துபோனார். அதே வழி வந்த எஞ்சின் 1975, 1976-ல் சைட்கார் உலகப் பட்டங்களையும் வென்றது.

டூ-ஸ்ட்ரோக்கா, ஃபோர்-ஸ்ட்ரோக்கா? என் ஓட்டு டூ-ஸ்ட்ரோக்குக்கு. அவுட்போர்டில் கிராங்க், அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு, செங்குத்தாக நிற்கும். காரில் அதைப் படுக்க வைக்க வேண்டும். ஃபோர்-ஸ்ட்ரோக்கைப் படுக்க வைத்தால் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பே இடம் மாறிவிடும், ஆயிலைத் தனித் தொட்டியில் வைக்கும் டிரை சம்ப் அமைக்காமல் தப்ப முடியாது. அதோடு, சில பெரிய ஃபோர்-ஸ்ட்ரோக் அவுட்போர்டுகள் கார் எஞ்சினிலிருந்து பிறந்தவைதான், ஹோண்டாவின் 2.4 லிட்டர் அப்படி. அதற்கு அந்தக் கார் எஞ்சினையே வாங்கிக்கொள்ளலாம். டூ-ஸ்ட்ரோக்கில் சம்ப் கிடையாது, ஆயில் பெட்ரோலோடு வருகிறது. ஆகவே படுக்க வைக்கலாம், ஆனால் இரண்டு இடங்களில் கை வைக்க வேண்டும்.

ஒன்று கார்புரேட்டர். எஞ்சின் பக்கவாட்டில் சாயும்போது அதில் பெட்ரோல் நிற்கும் ஃப்ளோட் கிண்ணமும் சாய்ந்து பெட்ரோல் வழியும். ஒவ்வொரு கார்புரேட்டரையும் 90 டிகிரி திருப்பி நிறுத்த இடையில் ஒரு தட்டு செய்து, அவற்றைத் திறந்து மூடும் கம்பிகளை, அதாவது லிங்கேஜை, முழுக்கப் புதிதாகக் கட்ட வேண்டும். பழைய எஞ்சின்களில் அந்த லிங்கேஜ்தான் இக்னிஷன் டைமிங்கையும் நகர்த்தும், அதைத் துண்டித்துவிடாதீர்கள். இரண்டாவது, கிராங்க் சுழலும் அறைகளான கிராங்க்கேஸின் அடியில் தேங்கும் ஆயில் கலந்த பெட்ரோலை மறுபடி உள்ளே அனுப்பும் மெல்லிய ஹோஸ்கள். பலர் இவற்றைக் கண்டுகொள்வதே இல்லை. படுத்த நிலையில் தேக்கம் வேறு இடத்தில் நிற்கும். சிக்னலில் இரண்டு நிமிடம் நின்றுவிட்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அது மொத்தமாக உள்ளே போய், எஞ்சின் திணறி, வெள்ளைப் புகை கிளம்பும். ஒவ்வொரு அறையிலும் இப்போது எது தாழ்ந்த இடமோ அங்கே புதுத் துளை போட்டு ஹோஸை மாற்றினேன்.

இனி அடித்தட்டு, அதாவது எஞ்சினையும் கார் கியர்பாக்ஸையும் இணைக்கும் தட்டு. இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. எஞ்சின் பகுதியான பவர்ஹெட்டை, தண்ணீருக்குள் இறங்கும் காலிலிருந்து கழற்றித் திருப்பி வைத்து, அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பாருங்கள். நடுவில் கிராங்க்கின் ஸ்ப்லைன் துளை, அதாவது ஷாஃப்ட் பூட்டும் பல் வெட்டிய துளை. அதைச் சுற்றி ஆயில் சீல். ஒரு பக்கம் உள்ளங்கை அகலத்தில் புகை வெளியேறும் வாய், கரி படிந்து கறுப்பாக. அதன் ஓரத்தில் தண்ணீர் ஏறும் துளை, தண்ணீர் இறங்கும் துளைகள், உப்புப் பூத்து வெள்ளையாக. எல்லாம் ஒரே முகத்தில். கிளட்ச் வர வேண்டியதும் இதே முகத்தில்தான்.

இந்த முகத்துக்கான புது பேக்கிங் (கசிவைத் தடுக்க இடையில் வைக்கும் தாள்) ஒன்று வாங்கி, அதையே அச்சாக வைத்துத் தகட்டில் கோடு இழுங்கள். என் கையால் அளந்த அளவுகள் ஒரு மில்லிமீட்டர் பிசகின, பேக்கிங் பிசகாது. புகை வாய்க்கு எஃகுத் தட்டில் ஒரு முழங்கை வெல்ட் செய்து, பக்கவாட்டில் வெளியே எடுத்தேன். அலுமினியம் வேண்டாம்: படகில் அந்த வழியைத் தண்ணீர் குளிர்வித்துக்கொண்டே இருந்தது, இங்கே காய்ந்த புகை. மூன்று சிலிண்டருக்கும் தனித்தனிக் குழாய் இழுக்கவும் ஆசைப்படாதீர்கள். மூன்றும் ஒரே அறையில் சேர்வதால்தான் ஒன்றின் அழுத்தம் இன்னொன்றின் புதுக் கலவை வெளியே ஓடாமல் தடுக்கிறது. அதைப் பிரித்தால் சக்தி குறையும்.

கிராங்க்கின் அந்த முனையில் ஃபிளைவீல் மாட்ட இடமே இல்லை, ஸ்ப்லைன் மட்டும்தான். ஒரு குட்டை ஷாஃப்ட் கடைந்து, அதைத் தட்டிலேயே தனி பேரிங்கில் உட்கார வைத்து, அதன் மேல் ஃபிளைவீலையும் கிளட்சையும் பூட்டுங்கள். கிளட்ச் மிதிக்கும்போது வரும் தள்ளுவிசையை அந்த பேரிங் வாங்கிக்கொள்ள வேண்டும். கிராங்க் மேல் அது விழக்கூடாது. படகில் அதை யாரும் அப்படித் தள்ளியதே இல்லை. கடைந்து தந்தவர், "சார், சும்மா ஒரு புஷ் போட்டா போதாதா?" என்று கேட்டார். புஷ் என்பது வெறும் உலோக வளையம், அது போதாது, பேரிங்தான் வேண்டும் என்று உறுதியாக நின்றேன். சுழலும் திசையையும் பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான அவுட்போர்டுகள் மேலிருந்து பார்த்தால் கடிகாரத் திசையில் சுற்றும், அதனால் வழக்கமான கார் கியர்பாக்ஸோடு ஒத்துப்போகும். எதிர்த்திசை என்றால் எந்த முன் கியரைப் போட்டாலும் கார் பின்னால்தான் போகும்.

குளிர்விப்பு. படகில் வெளியே இருக்கும் தண்ணீரே உள்ளே போய், ஒரு சுற்று சுற்றிவிட்டு வெளியே கொட்டிவிடும். காரில் இறங்கும் துளைகளை அடைத்து, தெர்மோஸ்டாட் வாயிலிருந்து ரேடியேட்டருக்கு ஹோஸ் இழுத்து, எலெக்ட்ரிக் பம்ப் வைக்க வேண்டும். என் தெர்மோஸ்டாட் 62 டிகிரியில் திறக்கும், அதை மாற்றவில்லை. ஒரு கணக்குப் பாருங்கள். வெளிக்காற்று 35 டிகிரி என்றால், 90-ல் ஓடும் கார் எஞ்சினுக்கு 55 டிகிரி வித்தியாசம் கிடைக்கிறது, நமக்கு 27 மட்டும். ஆகவே அதே சூட்டைக் கழிக்க ஏறக்குறைய இரண்டு மடங்கு ரேடியேட்டர் வேண்டும். புகை அறையைச் சுற்றியும் தண்ணீர் ஓடுவதால் சூடும் அதிகம். பிரஷர் மூடி போடாதீர்கள், அந்த பேக்கிங்குகள் அதற்கானவை இல்லை. எஞ்சினுக்கு மேலே ஒரு தொட்டி போதும். படகில் சிறுநீர் போலப் பீச்சுமே ஒரு சின்ன ஹோஸ், அதைத் தொட்டிக்குக் கொண்டுபோய்விட்டேன். காற்று வெளியேறும் வழி அதுவே ஆனது.

மின்சாரத்தில் ஒரே எச்சரிக்கை. அவுட்போர்டில் பொறி தரும் சிடிஐ வகை இக்னிஷன், அதன் நிறுத்தும் கம்பியை எர்த் செய்தால் அணையும். கார் சாவியிலிருந்து அந்தக் கம்பிக்கு 12 வோல்ட் கொடுத்தால் பெட்டி எரிந்துபோகும். பம்பும் ஃபேனும் விளக்கும் சேர்ந்தால் எஞ்சினிலேயே மின்சாரம் எடுக்கும் பழைய ஸ்டேட்டரின் சார்ஜ் போதாது, தனி ஆல்டர்னேட்டர் வையுங்கள்.

இனி, என்னிடம் ஒரு பிஸ்டனைக் காவு வாங்கிய விஷயம். நீண்ட இறக்கம், மூன்றாவது கியர், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டேன். எஞ்சின் நிமிடத்துக்கு 4500 சுற்றில் சுற்றிக்கொண்டிருந்தது. இறக்கத்தின் அடியில் ஒரு கீச்சொலி, பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. பிரித்துப் பார்த்தால் நடுப் பிஸ்டனின் பக்கம் முழுக்கச் செங்குத்தாகக் கீறல், மோதிரங்கள் பள்ளத்திலேயே ஒட்டிக் கிடந்தன. பெட்ரோல் வந்தால்தான் ஆயில் வரும். த்ராட்டிலை மூடினால் இரண்டும் ஏறக்குறைய நின்றுவிடும். படகில் சக்கரம் எஞ்சினைத் திருப்பும் நிலை வராது. பழைய டூ-ஸ்ட்ரோக் சாப் கார்களில், சக்கரம் எஞ்சினைத் திருப்பாமல் தானே உருள விடும் ஃப்ரீவீல் வைத்ததற்கு இதுதான் காரணம். என் காரில் ஃப்ரீவீல் இல்லை. ஆகவே இறக்கத்தில் கிளட்சை மிதித்துப் பிரேக்கை நம்புகிறேன், அதற்காகவே பெரிய பிரேக் டிஸ்க் போட்டேன். நீங்கள் புதிதாகக் கட்டுவதானால் முடிந்தவரை ஃப்ரீவீல் தேடுங்கள்.

கியர் விகிதம் எளிது. டயர் ஒரு சுற்றுக்கு 1.8 மீட்டர், டாப் கியர் நேர் (1-க்கு 1), பின் ஆக்ஸில் 4-க்கு 1 என்றால் நிமிடத்துக்கு 5500 சுற்றில் மணிக்கு சுமார் 148 கிலோமீட்டர். சாலையில் ஓட்டப் பதிவும் புகைச் சோதனையும் வேண்டுமா என்பதை வெல்டிங் தொடங்கும் முன் விசாரித்துவிடுங்கள்.

முதல் ஸ்டார்ட்டை காரில் வைக்காமல் ஸ்டாண்டில் செய்யுங்கள். பெட்ரோலில் 50-க்கு 1 என்று படகு டூ-ஸ்ட்ரோக்குகளுக்கான டிசி-டபிள்யூ3 ஆயில் கலந்து, பத்து நிமிடம் ஐடிலில் விட்டுப் புகைக் குழாயின் வாயில் ஒரு வெள்ளைக் காகிதம் பிடியுங்கள். ஆயில் பொட்டு விழுந்தால் சரி. சூடேறிய பிறகும் காகிதம் நனைந்துகொண்டே இருந்தால், அடித்தட்டில் ஏதோ ஒரு தண்ணீர்த் துளையை அடைக்காமல் விட்டிருக்கிறீர்கள். எனக்கு அப்படித்தான் ஆனது, மறுபடி எல்லாவற்றையும் கழற்றினேன். காகிதம் சரியாக வந்த பிறகு, 50 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, எஞ்சின் நன்றாக ஆறியதும் தட்டின் போல்ட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்குங்கள்.